பத்து நாள் மாத்திரை போடாதவன் ரத்தம்

12-8-1983, வெள்ளி

நேற்று கள் கொஞ்சம் அதிகம். காலையில் தலைவலிக்கு இரண்டு மாத்திரை முழுங்கிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி லேபுக்குக் குழாய் கழுவப் போனேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுக்க என் கையைப் பிடித்தார். "பத்து நாளா மாத்திரை எதுவும் போடலையே?"

"மிளகுகூட முழுங்கலீங்கம்மா" என்றேன். சிரித்தார்.

நெஞ்சுவலியில் படுத்திருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்கள். மருந்து கேட்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அவர் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் டாக்டரம்மா பம்பு வைத்துக் கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டார். மாத்திரை போடாத என்னுடையது அவருடையதைவிடச் சீக்கிரம் உறைய வேண்டும். இரண்டும் ஒன்றுபோல ஓடின.

"மாத்திரை அவருக்குக் கேட்கலை. நாளைக் காலையிலிருந்து இரட்டிப்பாக்கணும்" என்றார்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். "உங்கூட்டுல பொண்ணெடுத்தது தப்பில்லீங்க மச்சான், ரத்தம் ஒண்ணாப் போச்சு" என்று சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பு. ஈறு மூன்று நாளாகக் கசிகிறது.

காலையில் தலைவலிக்கு நான் முழுங்கியதும் மச்சானுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். புட்டியைத் தினம் துடைக்கிறவனுக்குத் தெரியாதா? சொன்னால் வேலை போகும். நாளைக் காலை எட்டு மணிக்கு இரட்டை மாத்திரை கொடுப்பதற்குள் சொல்லியாக வேண்டும்.

பென்சில் சீவும்போது பிளேடு விரலில் பட்டது. இவ்வளவு எழுதியும் ரத்தம் நிற்கவில்லை. இந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி நனைந்துவிட்டது, எழுத ஆகாது.