மூடி திறக்கும் உயரம்

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வண்டியும் நலம். போனில் முதலில் அதைத்தானே கேட்பீர்கள், அதனால் நானே முந்திக்கொண்டேன். நீங்களும் இடுப்பு வலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும்.

உங்கள் அறையில் தங்கியிருக்கும் கிரேன்காரர் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் பாதி உங்கள் வேலைத் தளத்து இயந்திரச் சத்தம், மீதி நம் சண்டை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, எனக்கு அது வசதி.

போன வாரம் கேட்டீர்கள்: "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?" நான் "உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் வண்டிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

புதிதாகக் கட்டியிருக்கும் விடுதி ஒன்றில் மூன்று மாடிக்கும் திரைச்சீலை மாட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. இதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. அந்த ஜன்னல்களுக்கு ஒட்டில்லாத முழுக் கம்பிதான் வேண்டுமாம். வாடகை வண்டியில் முதல் கட்டுக் கம்பியை ஏற்றிவிட்டேன். அந்த மகராசன் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டி, பாதியை வில்லாக வளைத்துக் கொண்டுவந்து இறக்கினார். கேட்டதற்கு, "கம்பின்னா வளையத்தான் செய்யும்" என்றார். உங்கள் பிக்கப்போ உறை போர்த்திக்கொண்டு வாசலில் தூங்குகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பின்தொட்டிக்குள் அந்தக் கம்பி அடங்காது. மேலே ரேக் வைத்தால் கம்பியும் போகும், ஏணியும் போகும் என்று உங்கள் தம்பி சொன்னார். தொட்டிக்குத்தான் நீங்கள் அந்தக் கெட்டியான மடக்கு மூடியைப் போட்டுவைத்திருக்கிறீர்களே, ரேக்கின் கால் எங்கே நிற்கும் என்று கேட்டேன். மூடிக்கு வெளியே, தொட்டியின் பக்கச் சுவர் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது, அதில் கால் வைத்து, உள்பக்கமாகக் கிளாம்ப் போட்டு முடுக்கிவிடலாம், ஓட்டையே போட வேண்டாம் என்றார். "மூடியக் கழட்டிக் கடாசிட்டு வேலையப் பாருங்க" என்றார் மாமா. அதெல்லாம் முடியாது, உங்கள் பிள்ளை திரும்பி வந்தால் முதலில் மூடியைத்தான் தேடுவார், அப்புறம்தான் என்னை என்று சொன்னேன். மாமா டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

உங்கள் தம்பி பழைய சாமான் கடையில் ஒரு ரேக் பிடித்துக்கொண்டு வந்தார். நான்கு கால், மூன்று குறுக்குக் கம்பி, துரு இல்லை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் ரேக்கைப் பூட்டிப்பார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். மாமா ஒரு பக்கம் டேப்பைப் பிடிக்க, உங்கள் தம்பி மறுபக்கம் பிடிக்க, ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். கடைசியில் நான் அளந்ததுதான் சரி. மூடிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் குறுக்குக் கம்பி உட்கார்ந்தது. பார்க்க அழகாகவே இருந்தது.

கிளாம்ப்பை முடுக்க உள்ளே ஆள் போக வேண்டும். உங்கள் தம்பி பின்கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவருடைய கை நிதானத்திலும் நுழையவில்லை. அதனால் டார்ச்சையும் ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டு நானே பின்கதவு வழியாகத் தொட்டிக்குள் ஊர்ந்து போனேன். மூடியைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே முடுக்கியிருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்று கேட்காதீர்கள். "தூசி போகும், தண்ணி போகும், மூடிய மட்டும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது யார்? நீங்கள் போனதிலிருந்து அதை யாரும் திறந்ததே இல்லை. மாமா அதன் மேல் பேப்பர் விரித்துப் படிக்கிறார். நான் துணி மடிக்கிறேன். வாலு வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அது திறக்கிற பொருள் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

உள்ளே மல்லாந்து படுத்து டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முடுக்கினேன். ஒரு பக்கம் முடிந்து திரும்பிப் படுக்கும்போதுதான் தரையில் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தேன். வரிசையாக மூன்று கட்டம். ஒன்றில் "நான்" என்று உங்கள் கோழிக்கிறுக்கல். நடுவில் சின்னதாக ஒரு கட்டம், "வாலு". மறு ஓரத்தில் "இவ". கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு பெயர் இருப்பது சாக்பீஸ் பிடிக்கும்போது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

கடற்கரைக்குப் போய் வண்டியிலேயே மூன்று பேரும் படுத்துத் தூங்கலாம், மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ளலாம் என்று சொல்லித்தானே அந்த மூடியை வாங்கினீர்கள்? அடுத்த வாரமே வேலைக்கான அழைப்பு வந்தது, நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். கடல் பேச்சு அதோடு நின்றது. நீங்கள் அதைச் சும்மா வாய்ப்பேச்சாகச் சொன்னீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆளுக்கு எவ்வளவு இடம் என்று அளந்து கோடு போட்டிருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஊர்ந்ததில் என் கட்டத்தின் கோடு கொஞ்சம் அழிந்துவிட்டது. வெளியே வந்ததும் உங்கள் தம்பி, "என்ன அண்ணி, கண்ணு செவந்திருக்கு?" என்றார். தூசி என்றேன்.

இதோடு நேற்று நிறுத்தினேன். வாலுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வகுத்தல் வராமல் அழுகிறாள், அந்தப் புத்தி உங்கள் வழி. மீதியை இன்று எழுதுகிறேன்.

ரேக்கைப் பூட்டியதும் எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். உங்கள் தம்பி நான்கு பக்கமும் படம் எடுத்தார். மாமா குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்து, "யானையே ஏறினாலும் தாங்கும்" என்றார். பிறகு திருகாணிப் பெட்டிகளை உள்ளே வைக்கலாம் என்று சாவியை எடுத்து மூடியின் பூட்டைத் திறந்து தூக்கினேன். ஒரு சாண் உயர்ந்தது. டங் என்று குறுக்குக் கம்பியில் இடித்து நின்றது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். இன்னொரு டங். பிறகு மாமாதான், "மூடின்னா அது தெறக்கணும் இல்ல?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உங்கள் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அவர் கையிலிருந்து நழுவிய ஸ்பேனர்தான் இடது பக்கக் கீறலுக்குக் காரணம். ஆமாம், ஒரு கீறல் விழுந்துவிட்டது. சுண்டுவிரல் நீளம். வாலு அதன் மேல் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்.

வெல்டிங்காரரைக் கூட்டிவந்தோம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டு வழி சொன்னார். குறுக்குக் கம்பி இடிக்கும் இடத்தில் மூடியை வெட்டிவிட்டால் இப்போதே வேலை முடிந்துவிடும். வெட்டக்கூடாது என்றால் கால்களை உயர்த்திப் புதிதாகச் செய்ய வேண்டும், சனிக்கிழமை ஆகிவிடும். எனக்கோ வெள்ளிக்கிழமை காலையில் விடுதியில் கம்பி இறங்கியாக வேண்டும். "வெட்டிடலாம்கா, வெறும் மூடிதானே" என்றார் அவர். வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுத்தே விட்டார்.

நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடுதி மேலாளருக்குப் போன் செய்து ஒரு நாள் தவணை கேட்டேன். அந்த ஆள் குதித்தார். சொன்ன சொல் காப்பாற்றாதவளுக்கு மூன்று மாடி எதற்கு என்று மேல் மாடியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். "ஒரு மூடிக்காக ஒரு மாடிய விட்டுட்டீங்களே அண்ணி" என்று உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயம்தான். உள்ளே நான் பார்த்ததை அவருக்கு நான் சொல்லவில்லை.

ஆனால் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கால் எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளக்க ரேக்கைக் கழற்றி மூடியை முழுதாகத் திறக்க வேண்டியிருந்தது. மடிப்பு மடிப்பாகத் தூக்கி மடக்கியதும் தொட்டிக்குள் நல்ல வெளிச்சம் விழுந்தது. வெல்டிங்காரர் மூடி எந்த உயரம்வரை எழுந்து மடங்குகிறது என்று அளந்து, மேலும் நான்கு விரல் கூட்டிக் குறித்துக்கொண்டார். உங்கள் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "ஓ" என்றார். அதற்குப் பிறகு அந்த மாடியைப் பற்றி அவர் பேசவே இல்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தார். "எனக்கு எடம் போடலயே படவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது ரேக் வண்டிக் கூரை உயரத்துக்கு நிற்கிறது. மூடி அதன் கீழே தாராளமாகத் திறக்கிறது. வேகம் எடுத்தால் ரேக் காற்றில் ஊளையிட்டது. கம்பியில் கயிற்றைச் சுற்றினால் அடங்கும் என்றார் வெல்டிங்காரர், சுற்றியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. கீழிரண்டு மாடிக்கும் வேலை நடக்கிறது. ஏணியைப் பிடிக்க மாமா வருகிறார். பிடித்தபடியே தூங்கிவிடுகிறார். நான் மேலே நின்று பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறேன், அவரை எழுப்பி வைப்பதற்காக. விடுதியில் மாட்டியதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை அது. வண்டி ஓட்டத் தெரிந்த, ஏணியைத் தூங்காமல் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எப்படி எழுதுவது என்று தள்ளிப்போட்டேன். அன்று தொட்டியைத் திறந்ததும் வாலு உள்ளே தாவி ஏறித் தன் கட்டத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டாள். கணுக்காலிலிருந்து இரண்டு பாதமும் கோட்டுக்கு வெளியே கிடந்தன. எழுந்து உட்கார்ந்து காலையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா இது, அப்பா என்னக் குட்டியா வரைஞ்சிருக்காரு?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் அவ்வளவுதான் இருந்தாள் என்று அவளுக்குச் சொன்னேன்.

உங்கள் இஷ்டம் என்று போனில் சொன்னேனே, அது பொய். கோபத்தில் சொன்னது. என் இஷ்டத்தைக் கேட்டால், கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து வந்தால் அவளை எந்தக் கட்டத்திலும் அடக்க முடியாது.

திருகாணிப் பெட்டிகளையும் துணிக்கட்டுகளையும் என் கட்டத்திலும் வாலு கட்டத்திலும் அடுக்கியிருக்கிறேன். இடம் போதவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. உங்கள் கட்டத்தில் எதையும் வைக்கவில்லை. உங்கள் தம்பி வைக்கப் போனபோதும் தடுத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குறையும் இல்லாமல் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
இவ