அசி சொன்னால் உட்காராத நாய்

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரே வெள்ளை விரிப்பில் ஏழு முடி எடுத்தேன். மூன்று மனுஷ முடி. நான்கு இல்லை.

மனுஷ முடி நுனிவரை ஒரே கனமாக இருக்கும். இவை குட்டை. ஒரு முனை ஊசி மாதிரி மெலிந்துபோகிறது. இரண்டு செம்பழுப்பு, ஒன்று சாம்பல், இன்னொன்று பாதி கறுப்பு பாதி வெள்ளை. ஒரே முடியில் இரண்டு நிறம் இருக்குமா? இருக்கிறது. டேப்போடு கிழித்து இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பாண்டி டவுனில் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்களின் துணி உழவர்கரையில் எங்கள் லாண்டரிக்குத்தான் வருகிறது. என் வேலை கடைசி மேஜை. மடிப்பதற்கு முன் விரிப்பை டியூப் லைட்டுக்குக் கீழே பரப்பி முடி, நூல், கறை பார்க்க வேண்டும். எட்டு மாதமாகிறது. பேச வேண்டாத வேலை. பத்தாவதைப் பாதியில் விட்டதற்கு அம்மா ஆளுக்கொரு காரணம் சொல்கிறாள். நிஜக் காரணம், எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

ஒரு கெஸ்ட் ஹவுஸ் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டது. படுத்தவருக்கு விடிய விடியத் தும்மலாம். விரிப்பில் பூனை முடி என்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் இராமதாஸ் சார் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார். "நாம பூனைக்கா துவைக்கறோம்?" பிறகு என் மேஜைக்கு வந்தார். "பூவிழி, உன் கண்ணுல படாம போவாது. யார்கிட்டேருந்து வருதுன்னு பாத்துச் சொல்லு. அவங்களுக்கு இங்க வேலை இல்ல."

நான் தலையை ஆட்டினேன். கேட்டது காதில் விழுந்தது என்பதற்காகத்தான் ஆட்டினேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது. மெஷினிலிருந்து வெளியே வரும் விரிப்பில் முடி இல்லை, இன்று பத்து பார்த்துவிட்டேன். அப்படியென்றால் துவைத்த பிறகுதான் ஒட்டுகிறது. துவைத்த பிறகு தொடுவது மூன்று பேர். நான், ராஜாம்பாள் அக்கா, செல்வாம்பாள் அக்கா.

ஜூன் 15, சனி

சாப்பாட்டு நேரத்தில் செல்வாம்பாள் அக்காவின் பை மாட்டியிருக்கும் ஆணிக்குக் கீழே தரையில் டேப்பை ஒற்றி எடுத்தேன். ஒன்பது நிறம்.

ஒன்பதா?

சனிக்கிழமை தோறும், கறை போகாமல் கழித்த டவல்களை எல்லாம் அவர்தான் எடுத்துப் போகிறார். இன்று தைரியமாக "எதுக்குக்கா?" என்று கேட்டேன். "தொடைக்கத்தான்" என்றார்.

"எத்த தொடைப்ப? பாண்டி பஸ் ஸ்டாண்டையா?" என்றார் ராஜாம்பாள் அக்கா. செல்வாம்பாள் அக்கா போனதும் என் பக்கம் குனிந்து, "அவ வூட்டுல ஜூவே இருக்குதாம்டி. டிக்கெட்டு வாங்கினு போய்ப் பாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா? கொஞ்சம்.

சேர்ந்த முதல் நாள் பாத்ரூம் எங்கே என்று கேட்க முடியாமல் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு நின்றேன். செல்வாம்பாள் அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து டபுள் விரிப்பு மடிக்க அவருக்கு நான்தான் ஜோடி.

ஜூன் 20, வியாழன்

போய்ப் பார்த்துவிட்டேன்.

மூன்று நாளாக செல்வாம்பாள் அக்கா வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஸ்டோர் சாவி அவரிடம். சார் என்னைத்தான் அனுப்பினார். அரியாங்குப்பம், பாலம் தாண்டி இரண்டாவது நிறுத்தம். தெருமுனையில் வழி கேட்க வாயைத் திறக்கும் முன்பே ஒரு அம்மா சொன்னார்: "மூக்கைப் பொத்திக்கினு நேரா போ."

கதவு ஒரு கை அகலம்தான் திறந்தது. அக்காவின் வலது கையில் பெரிய கட்டு. கடிபட்டிருக்கிறது. ஊசி போட்டாச்சு என்றார். சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒதுங்கி என்னை உள்ளே விட்டார்.

இரண்டே அறை. பீரோ மேல் பூனை, அடுப்பு மேடையில் பூனை, ஜன்னல் கம்பிக்கும் வலைக்கும் நடுவில் பூனை. தரை முழுக்க எங்கள் லாண்டரி டவல். எண்ண ஆரம்பித்தேன். இடம் மாறிக்கொண்டே இருந்ததால் நிறம் நிறமாக எண்ணினேன். பூனை இருபத்து மூன்று. நாய் எட்டு. அட்டைப் பெட்டியில் ஒரு முயல். மூத்திர நெடியில் கண் எரிந்தது. ஒரு பூனைக்குக் கண்ணே திறக்கவில்லை, சீழ். கறுப்பு நாய் ஒன்று எழுந்திருக்காமல் வாலை மட்டும் ஆட்டியது.

நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்ததும் அக்கா, "அசி!" என்றார். மூன்று நாய் சட்டென்று உட்கார்ந்தன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. மற்ற ஐந்தும் குரைத்துக்கொண்டே இருந்தன.

"பிரெஞ்சுல சொன்னாத்தான் கேக்கும். அவங்கவங்க வூட்டுல வளந்த மாதிரி" என்றார்.

அக்கா முன்பு டவுனில் பிரெஞ்சு பென்ஷன்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். பிள்ளைகளோடு இருக்கலாம் என்று ஒவ்வொரு வீடாகப் பிரான்சுக்குக் கிளம்பியிருக்கிறது. "போறவங்க சாவியைத் தம்பிகிட்ட குடுக்கறாங்க. நாயை என்கிட்ட குடுக்கறாங்க. அடுத்த நோயலுக்கு, கிறிஸ்மஸுக்கு, வந்து கூட்டிக்கறோம்னு. நான் வேணாம்னு சொல்லிருக்கணும். எனக்குச் சொல்ல வராது பூவு."

பஸ் ஏறும் வரை கூட வந்தார். "யார்ட்டயும் சொல்லிடாத."

தலையை ஆட்டினேன். மறுபடியும்.

ஜூன் 21, வெள்ளி

சார் கேட்டார். "பாத்தியா, யாருன்னு?" இல்லை என்று தலையசைத்தேன்.

இதுவும் பொய்தானே. வாயால் சொல்லாவிட்டாலும்.

ஒன்று புரியவில்லை. எட்டும் பிரெஞ்சு வீட்டு நாய் என்றால் ஏன் மூன்றுதான் உட்கார்ந்தன?

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவிடம் லாண்டரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரியாங்குப்பம் போனேன். ஒரு கையால் அவர் எப்படிச் சுத்தம் செய்வார்? பினாயில் ஊற்றித் தேய்த்தேன். இரண்டு மணி நேரத்தில் பாதி அறை முடிந்தது. முடிந்த இடத்திலேயே ஒரு பூனை மறுபடியும் மூத்திரம் போனது. அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். சத்தமாக. பிறகுதான் அந்தக் கண் திறக்காத பூனையைக் காணோம் என்று கவனித்தேன். கேட்கவில்லை. பின்பக்கம் மண் புதிதாகக் கிளறியிருந்தது.

பதினொரு மணிக்கு அக்கா செம்பட்டை நிற நாய் ஒன்றைச் சீப்பால் வாரி, சுவரோரம் நிறுத்தி, போனை என்னிடம் கொடுத்தார். "ஒரு போட்டோ எடு. தொமினிக் ஐயாவுக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா காரமெல்லைப் பாக்கலைன்னா அவருக்குச் சோறு எறங்காது."

தொமினிக் ஐயா பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காலில் ஆபரேஷன் ஆனதும் மகள் பாரிசுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்விட்டாள். இந்த நாயைப் பத்து வருஷம் அவர்தான் வளர்த்தாராம்.

நாய் நிற்காமல் நெளிந்தது. நான், "அசி" என்றேன். அது என் முகத்தைப் பார்த்தது. இன்னொரு தடவை சொன்னேன். என் விரலை நக்கியது.

பத்து வருஷம் ஒரு சொல்தா வீட்டில் வளர்ந்த நாய்.

போனில் மேலே தள்ளிப் பழைய போட்டோக்களைப் பார்த்தேன். இரண்டு வருஷம் முந்தைய காரமெல்லுக்கு மூக்கில் வெள்ளைக் கோடு. இதற்கு இல்லை.

"அக்கா, இது அது இல்லல்ல?"

அவர் டவலைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிய ஒன்றும் இல்லாத பிறகும்.

"அவரு அங்க போன நாலாம் மாசமே அது செத்துப்போச்சு. எப்புடிச் சொல்ல? அவரே ஆஸ்பத்திரில கெடந்தாரு. ஒரு வாரம் சமாளிக்கலாம்னு இத மாதிரியே ஒண்ணைத் தேடுனேன். மார்க்கெட்டாண்ட கெடச்சுது." டவலை உதறிப் போட்டார். "அப்புறம் டவுன்ல சிந்தாமணி வூட்டுலேருந்து வந்த பூனை செத்துச்சு. அதுக்கு ஒண்ணு தேடப் போயி ரெண்டு குட்டியும் சேந்து வந்துச்சு."

"மொத்தம் எத்தனை செத்துச்சுக்கா?"

"பதினொண்ணு."

ஜூன் 24, திங்கள்

இன்று முழுக்க அதையே யோசித்தேன். ஊரெல்லாம் சொல்வது மாதிரி அவர் பார்த்ததை எல்லாம் பொறுக்கிச் சேர்க்கவில்லை. தெருவில் போகிற நாயைப் பார்த்து, இது செத்துப்போன யார் மாதிரி இருக்கிறது என்று நின்று பார்ப்பார் போல. எவ்வளவு நேரம் தேடியிருப்பார்? மூக்கில் கோடு இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்குமே.

ஆனால் கறுப்பு நாய்க்கு இதெல்லாம் தெரியாது. அது எழுந்திருக்கவில்லை. கண் திறக்காத பூனையும் யாருக்காகவோ வந்ததுதான்.

வேறு யாரோ ஒருத்தியைப் பற்றி என்பது மாதிரி அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஊர் வம்பு நமக்கு எதுக்குடி? உன் வேலையைப் பாரு" என்றாள்.

என் வேலையே பார்ப்பதுதான்.

ஜூன் 26, புதன்

விலங்குகளைக் காப்பாற்றுகிறவர்களின் போன் நம்பர் ஆஸ்பத்திரி ரோட்டுச் சுவரில் இருக்கிறது. எழுதிக்கொண்டு வந்தேன். மெசேஜ் அடித்தேன், அழித்தேன். ஆறு தடவை.

சொன்னால் அக்காவுக்கு நான் யார்? சொல்லாவிட்டால் அந்தக் கறுப்பு நாய்க்கு நான் யார்?

சார் கேட்பது முடியைப் பற்றி. அதைச் சொல்ல மாட்டேன், அது வேலையைப் பறிக்கத்தான். இது வேறே. வேறேதானா?

ஜூன் 27, வியாழன்

அனுப்பிவிட்டேன். உடனே போன் வந்தது. எடுக்கவில்லை. "எனக்குப் பேச வராது, எழுதுகிறேன்" என்று அனுப்பினேன். "சரிம்மா, எழுது. என் பேர் சிந்தி" என்று வந்தது.

எத்தனை, என்ன நோய், தண்ணீர் இருக்கிறதா, அந்த அம்மா தனியாகவா இருக்கிறார் — கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: போலீஸ் வருமா? "இல்ல. முதல்ல டாக்டரோட வர்றோம். நோயாளிகளை மட்டும் எடுப்போம். மத்ததை அவங்க சம்மதத்தோட கொஞ்சம் கொஞ்சமா." செவ்வாய்க்கிழமை வருகிறார்கள்.

ஜூன் 28, வெள்ளி

கை கொஞ்சம் ஆறி அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அவர்கள் வந்து நின்று அவருக்குத் தெரியக் கூடாது, நானே சொல்ல வேண்டும் என்று ராத்திரியே முடிவு செய்திருந்தேன்.

டபுள் விரிப்பு மடிக்கும்போது நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் நோக்கி நடக்க வேண்டும். கிட்டே வந்தபோது சொன்னேன். "அக்கா, நான் சொல்லிட்டேன். டாக்டர் வர்றாங்க. செவ்வாய்க்கிழமை."

அவர் கை விட்டுவிட்டது. விரிப்பு தரையில் விழுந்தது.

"உன்ன உள்ள வுட்டேன் பாரு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் என்ன, கெட்டதா செஞ்சேன்? தெரியல. நெசமாவே தெரியல.

விரிப்பை நான்தான் மறுபடி துவைக்கப் போட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுப் போனேன். எதிர்வீட்டு மதில் ஓரம் நின்றேன். சிந்தி அக்கா ஒல்லி, தோளில் பச்சை குத்தியிருந்தார். வாசலில் நின்றே அரை மணி பேசினார். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. கதவு ஒரு கை அகலத்திலேயே நின்றது. பிறகு திறந்தது.

பதினாலு கூண்டு வெளியே வந்தன. கறுப்பு நாயை டவலோடு தூக்கிவந்தார்கள். டாக்டர் சொன்னது காதில் விழுந்தது: இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இல்லை.

செல்வாம்பாள் அக்கா ஒவ்வொரு கூண்டுக்கும் குனிந்து ஏதோ சொன்னார். என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி உள்ளே போனார்.

ஜூலை 5, வெள்ளி

சாருக்குச் செய்தி தெருவழியாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. முடி யாருடையது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. செல்வாம்பாள் அக்காவை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார். ராஜாம்பாள் அக்காதான், "அழுக்குத் துணி பக்கம் போடு சார், அங்க முடி வுழுந்தா மெஷின் பாத்துக்கும்" என்றார். ஜூ என்று சிரித்த அதே ராஜாம்பாள் அக்கா.

அழுக்குப் பக்கம் மூட்டை தூக்க வேண்டும். செல்வாம்பாள் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இப்போது எனக்கு ஜோடி ராஜாம்பாள் அக்கா. மடிக்கும்போதும் பேசிக்கொண்டே இருக்கிறார்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும் செல்வாம்பாள் அக்கா என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 13, சனி

சிந்தி அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். கறுப்பு நாய் நான்கு காலில் நிற்கிறது. கோணலாகத்தான், ஆனால் நிற்கிறது. அழுக்குப் பக்கம் போய் மூட்டை மேல் போனை வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது செல்வாம்பாள் அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தார். போனை ராஜாம்பாள் அக்காவிடம் கொடுத்தனுப்பினார்.

ஜூலை 21, ஞாயிறு

காலை பத்தரைக்கு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். வாசலில் செல்வாம்பாள் அக்கா. கையில் கயிறு, கயிற்று முனையில் செம்பட்டை நாய். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களே, எப்படி வந்தார்? நடந்தே வந்திருக்கிறார். பாலம் தாண்டி, அந்த வெயிலில்.

"வூட்டுல இப்ப ஆறுதான்" என்றார். தண்ணீர் குடித்தார். நாய்க்கும் வைத்தேன்.

பிறகு போனை நீட்டினார். "ஐயா ஆகஸ்ட்ல வர்றாராம். மொதல்ல காரமெல்லைத்தான் பாக்கணுமாம். எனக்கு எழுத வராது. நீதான எழுதிச் சொல்றவ. எழுது."

கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னார். உட்கார்ந்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே. காரமெல் செத்தது எந்த மாசம், எங்கே புதைத்தது, அதற்குப் பிறகு அனுப்பியதெல்லாம் வேறு நாய் என்று. கடைசியில், "மன்னிச்சுக்கங்கன்னு போடவாக்கா?" என்றேன். "போடாத. அத நேர்ல நான் சொல்லிக்கறேன்."

அனுப்பினோம். அங்கே காலை ஏழரை மணியாம். பார்த்துவிட்டதாக நீலக்கோடு உடனே வந்தது. பதில் வரவில்லை. அம்மா காபி கொடுத்தாள். அக்கா டம்ளரைத் தொடவில்லை. நாய் எங்கள் செருப்புகளை ஒவ்வொன்றாக மோந்துகொண்டிருந்தது.

இருபது நிமிஷம் கழித்து வாய்ஸ் மெசேஜில் ஐயாவின் குரல் வந்தது. கரகரப்பாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி. "அதுக்கு மூக்குல கோடு இல்லையேன்னு எம்மவ அப்பவே சொன்னா. நான்தான் ஒத்துக்கல, வயசானா மறைஞ்சுடும்னுட்டேன்..." பெரிய மூச்சு. "சரி. அப்ப ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என்னப் பாத்துக்கிட்டு நின்னது யாரு? அதுக்கு என்னா பேரு?"

அக்கா என்னைப் பார்த்தார். இருபத்து மூன்று நாள் கழித்து, நேராக. பிறகு நாயைப் பார்த்தார்.

"பேரா?" என்றார். "வெக்கவே இல்லியே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். "யோசிச்சு சாய்ங்காலம் சொல்றோம்னு போடு பூவு."

போட்டேன்.