ஏழாம் பாத்தியில் கிளி வரவில்லை, அப்பா

சட்டைப் பையில் எப்போதும் நாலு சாமை மணியோடு திரியும் என் அப்பாவுக்கு,

உன் பூங்கொடி எழுதுகிறேன். இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில், போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். வெளி அறையில் பெரியப்பா படுத்திருக்கிறார். விடிந்ததும் உன் சோதனைப் பாத்திகளை அறுக்க வேண்டும், அதனால் இங்கேயே தங்கிவிட்டார். அவர் இருமும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் அவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வது?

முதலில் நல்ல சேதி. உன் சாமை நிற்கிறது, அப்பா. இந்த வருஷம் மழை ரொம்பத் தள்ளிப் போனது. வேண்டிய நேரத்தில் வராமல், கதிர் முற்றும் நேரத்தில் காற்றோடு வந்து கொட்டியது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த மூன்று ரகங்களில் இரண்டு, பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டன. உன்னுடையது கதிரைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காலை மட்டும் ஊன்றி நின்றது. மறுநாள் அதைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். ஈரப் பாவாடையோடு பள்ளிக்கூடம் போனேன்.

ஷாஹினா மேடத்திடம் நீ வம்பு பேசியது ஞாபகம் இருக்கிறதா? வாணியம்பாடியிலிருந்து வந்து நிலையத்தில் ஆராய்ச்சி படிக்கிறவர். மழை முன்னே பின்னே ஆகிற மலைக்கு எந்தச் சாமை தாங்கும் என்று பார்க்க, மூன்று விதைப் பொட்டலத்தோடு நம் நிலத்துக்கு வந்தார். நீ பொட்டலத்தைத் தொடவே இல்லை.

"உங்க வெதைங்கள கொண்டாந்துட்டீங்க, சரி. எங்க சாமைய யாரு சோதிக்கிறது?"

"அத சோதிச்சு இன்னா பண்றதுண்ணா? நீங்கதான் வருஷா வருஷம் போடுறீங்களே."

"எனக்குத் தெரியும்மா. உங்க நோட்டுக்குத் தெரியாதே."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து கணக்கை மாற்றினார். நாலு ரகம், ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தி, மொத்தம் பன்னிரண்டு. உன்னுடையவை இரண்டு, ஏழு, பன்னிரண்டு. ஒரே ரகம் ஒரே மூலையில் இருந்தால் மண்ணுக்குத்தான் பெயர் போகும், சாமைக்குப் போகாது என்று அவர் சொன்னதும் நீ தலையாட்டினாய். உனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

முளை விட்டுப் பச்சை தெரிந்த வாரத்தில் உனக்கு நெஞ்சு வலித்தது. மலையிறங்கும் வழியிலேயே நீ போய்விட்டாய். அதைப் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன்.

துக்கத்துக்கு வந்த ஷாஹினா மேடம், "இந்த வருஷம் நிறுத்திக்கலாம்மா, பரவால்ல" என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நிறுத்த வேணாங்க. அவரு வெதச்சது. எங்க பொண்ணு எழுதும்." அப்படித்தான் நோட்டு என் கைக்கு வந்தது. ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து செடிக்கு நீல நூல் கட்டியிருக்கிறது. சனிக்கிழமை தோறும் அவற்றின் உயரம், கதிர், பூச்சி, பறவை எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். உன் சாமை நன்றாக வந்தால், அடுத்த வருஷம் மலையில் இன்னும் சில ஊர்களில் விதைத்துப் பார்ப்பார்களாம். விதையை நிலையத்தில் குளிர் அறையில் சேர்த்து வைப்பார்களாம், உன் பெயர் எழுதி. அதைக் கேட்டதிலிருந்து ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை.

இனிமேல்தான் பயமான விஷயம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏழாம் பாத்தியில் நீல நூல் கட்டிய ஐந்தில் மூன்று செடிக்குக் கதிரே இல்லை. கிளி தின்றால் மணியை உருவிவிட்டுக் காம்பை விட்டுப் போகும். ஆடு மேய்ந்தால் தாளையும் சேர்த்துக் கடிக்கும். இது கணுவில் சுத்தமாக ஒடிந்திருந்தது. வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏழாம் பாத்தில யாரோ கதிர ஒடிச்சிருக்காங்க."

"கிளி தின்னுருக்கும்."

"கிளி நூலு கட்டின செடியா பாத்துத் தின்னுமா?"

முறம் நின்றது. "நான்தான்டி" என்றாள்.

உனக்குத் தெரியாததா? அறுவடைக்கு முன்னால், நல்ல கதிராகப் பார்த்து, அரிவாள் படாமல் கையால் ஒடித்து அம்மன் கோவிலில் வைத்த பிறகுதான் புதுச் சாமை உலைக்குப் போகும். நம் வீட்டில் அது உன் வேலை. இந்த வருஷம் சாவு விழுந்த வீடு, கதிர் வைக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மா கேட்டுக்கொண்டாள். ஆனால் ஊர் கதிர் வைக்கிற அன்றைக்குக் கருக்கலிலேயே எழுந்து போய் ஒடித்து, யாரும் வருவதற்கு முன்னால் கோவில் வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம் வந்தவர்கள் தங்கள் கதிர்க் கட்டுகளை அதன்மேலேயே அடுக்கியிருக்கிறார்கள். பூசை நடந்தது. ஊரே பொங்கல் தின்றது. பெரியப்பா இரண்டாம் தரம் இலையை நீட்டி வாங்கினார்.

"ஏம்மா, போயும் போயும் ஏழுலயா?"

"வேற எங்கடி போவேன்? உங்கப்பன் எப்பனா சாமிக்கு ரெண்டாந்தரம் குடுத்துருக்காரா? அங்கதான் கதிரு தாட்டியா இருந்துச்சு."

"நூலு இருந்துச்சே, பாக்கலியா?"

"இருட்டுல நூலு எங்க தெரியுது? கைக்குத் தெரிஞ்சத ஒடிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கிளின்னு எழுதிடு. வெளிய தெரிஞ்சா ஊரக் கூட்டிடுவாங்க. தாலியறுத்தவ, தீட்டோட போயி சாமிக்குக் கதிரு வெச்சான்னு பேசுவாங்க. நீ படிச்சு எங்கயோ போய்டுவ. நான் இந்த ஊருலதான்டி இருக்கணும்."

நான் எழுதிவிட்டேன், அப்பா. 'கிளி' என்று. இரண்டே எழுத்து.

மறுநாள் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி ஷாஹினா மேடத்துக்குப் போன் செய்தேன். வாரா வாரம் சொல்வதுதான்.

"கிளியா? யா அல்லா. மத்த பாத்திங்கள்ல எதுனா தின்னுச்சா?"

"இல்ல மேடம்."

"உங்கப்பா சாமைய மட்டுமா?" மேடம் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. "அப்டின்னா அதுக்கு கிளித் தொந்தரவு ஜாஸ்தின்னு குறிச்சுக்கணும்மா. மத்த ஊருக்குக் குடுக்கும்போது அது ஒரு கொறதான். இன்னா பண்றது, வயல்ல இருக்குறதத்தான எழுத முடியும்."

வயலில் இல்லாததை அல்லவா நான் எழுதியிருக்கிறேன்? அப்போதே சொல்லியிருக்கலாம். 'சரி மேடம்' என்று போனை வைத்துவிட்டேன். ஒரு கிளிகூட இறங்காத பாத்திக்கு, நான் ஒரு குறையை ஒட்டிவிட்டேன். காற்றும் மழையும் சாய்க்க முடியாததை உன் மகள் சாய்த்துவிட்டாளா? சொன்னால் அம்மா ஊர் நடுவில் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் உன் சாமை நம் வரப்போடு நின்றுவிடும். இதே நினைப்பில் வேதியியல் தேர்வில் கேள்வி எண்ணையே மாற்றி எழுதினேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஏழாம் பாத்திக்குப் போனேன். அம்மா கதிரைத்தான் ஒடித்தாள். தாள் அப்படியே நிற்கிறது. தலை இல்லாத தாள்களை வரிசை வரிசையாக விலக்கிப் பார்த்து எண்ணினேன். தொண்ணூற்றெட்டு. நோட்டைக் கொடுத்த அன்று மேடம் ஒன்று சொல்லியிருந்தார். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. பழசு தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். 'கிளி'மேல் கோடு போட்டேன். பக்கத்தில், 'கையால் ஒடித்த கதிர் – 98' என்று எழுதினேன். யார் கை என்று எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நோட்டை நீட்டினேன். மறைத்து எழுதினால் அதுவும் ஒரு பொய்தானே? அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு வரியை அவள் படித்து முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"பேரு எழுதலியா?"

"இல்லமா."

"கேட்டா?"

"தெரில."

அம்மா ஒரு விறகை உள்ளே தள்ளினாள். இன்னொரு தரம் நோட்டைப் பார்த்தாள்.

"தப்பு" என்றாள்.

"இன்னாமா தப்பு?"

"தொண்ணூத்தெட்டு இல்ல. நூத்தியொண்ணு. சாமிக்கு ஒத்தப்படையில வெப்பாங்களா, ரெட்டப்படையில வெப்பாங்களா? பதினொண்ணாவது படிக்கிறாளாம், எண்ணத் தெரில."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் திரும்ப வயலுக்குப் போனோம். எட்டாம் பாத்தியில் படுத்துவிட்ட நிலையத்துச் சாமை நம் பாத்தி ஓரத்தின்மேல் விழுந்து கிடந்தது. அம்மா அதைத் தூக்கிப் பிடித்தாள். அடியில் தலையில்லாமல் மூன்று தாள்கள். 98மேல் ஒரு கோடு போட்டு 101 என்று எழுதினேன். அம்மா வரப்பில் நின்று அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அந்த மேடம் பொண்ணு, யாரு ஒடிச்சதுன்னு கேட்டா நானே சொல்லிக்கிறேன்" என்றாள். "உங்க பெரியப்பா இல்லாத நேரமா பாத்து."

நாளைக்கு மேடம் அறுப்புக்கு வரும்போது பெரியப்பா இல்லாத நேரம் ஏது? அவர்தான் முதல் அரிவாள் போடப் போகிறவர். மேடம் எழுதுவதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிற ஆள்.

அதே பாத்தியில் மீதிக் கதிர்கள் சிலவற்றை நிறுத்துப் பார்த்தால், போன நூற்றொன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று தெரியும் அல்லவா? அப்படிச் சேர்த்துக்கொள்ள அவர்கள் முறையில் இடம் உண்டோ இல்லையோ. ஏழாம் பாத்தியையே தள்ளிவிட்டாலும் தள்ளுவார்கள். தள்ளினாலும் இரண்டும் பன்னிரண்டும் இருக்கின்றன. அவற்றை யாரும் தொடவில்லை, நான் போய்ப் பார்த்துவிட்டேன். கனத்துக் கிடக்கின்றன, அப்பா. நீ சொன்ன மாதிரியே.

அம்மாமேல் உனக்குக் கோபமா? எனக்கு இல்லை. அம்மன் கோபித்துக்கொண்டிருந்தால், அவளுக்குக் கதிர் வைத்த பிறகு அடித்த அந்தக் காற்றில் உன் சாமை எப்படி நின்றிருக்கும்? இதைப் பெரியப்பாவிடம் கேட்க எனக்கு எப்போதாவது தைரியம் வருமா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நாளைக்கு நோட்டை நான்தான் மேடம் கையில் கொடுப்பேன். அந்தப் பக்கத்தை நானே திறந்து காட்டுவேன், பெரியப்பா பக்கத்தில் நின்றாலும். யார் ஒடித்தது என்று மேடம் கேட்டால், எங்கள் வீட்டுக் கதிர், எங்கள் வீட்டு ஆள் ஒடித்தது என்று சொல்வேன். அதற்கு மேலும் கேட்டால் அம்மா பேசுவாள். நான் நகராமல் அவள் பக்கத்தில் நிற்பேன்.

நூற்றொன்றைத் தொண்ணூற்றெட்டு என்று எண்ணிய
உன் மகள்,
பூங்கொடி