உனக்கும் ஒரு ஆட்டம் இருந்தது, ஏழுமலை

என் ஏழுமலைக்கு,

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும்; தைரியம் வரவில்லை.

சேதராப்பட்டில் தொழிற்சாலைக் கூரை வேலையின்போது விழுந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. பைக்கிலிருந்து விழுந்த உனக்குக் கழுத்துக்குக் கீழே. மருத்துவமனையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு ஆள் தேடி ஒருவர் வார்டுக்கு வந்தபோது நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீதான் திட்டினாய்.

"கை ரெண்டும் நல்லாத்தானடா இருக்கு? எனக்கு இருந்தா இந்நேரம் போயிருப்பேன். போடா!"

போனேன். முதல் நாளே நாற்காலியோடு கவிழ்ந்தேன். யாரும் ஓடிவந்து தூக்கவில்லை. எப்படி எழுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது. கொஞ்ச நாளில் தனியாகக் குளித்தேன், சைடு சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஓட்டினேன், வேலைக்குப் போனேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் போனில் உனக்குச் சொல்வேன். உன் தங்கை கலா போனை உன் காதில் பிடித்திருப்பாள்.

ஒரு நாள் கேட்டாய்: "என்னையும் ஒரு வாட்டி கூட்டிட்டுப் போடா மச்சான். ஓரமா இருந்து பாக்குறேன்."

"அடுத்த வாரம்" என்றேன். வண்டி பிடிக்க வேண்டும், தூக்க நாலு பேர் வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. உன்னை நினைத்தாலே அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. பிறகு நீ கூப்பிட்டால் கட் செய்தேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா?

படுக்கைப்புண் சீழ் வைத்து நீ போய்விட்டாய் என்று கலா சொன்னபோது நான் பயிற்சியில் இருந்தேன்.

போன வருஷம் ஒரு போட்டிக்கு வெளியூர் போயிருந்தேன். பக்கத்து அரங்கில் போச்சியா என்று ஒரு ஆட்டம். வெள்ளைப் பந்துக்குக் கிட்டே நம் பந்தை உருட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். கை அசையாத ஒருவர், சாய்வுப் பலகையில் இருந்த பந்தைத் தலையில் கட்டிய குச்சியால் தள்ளினார். உனக்குத் தலை அசையுமே, ஏழுமலை! விசாரித்திருந்தால் அப்போதே யாராவது சொல்லியிருப்பார்கள். நான் விசாரிக்கவே இல்லை.

கலாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், போனை கட் செய்தது உட்பட.

"நீங்க பிஸியா இருப்பீங்கன்னு அண்ணன் சொல்லிட்டே இருக்கும். இத இப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்கண்ணா?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பினேன்.

இப்போது நானே ஆள் சேர்த்து, சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் போச்சியா ஆடுகிறோம். தவளக்குப்பத்திலிருந்து செல்வி வருகிறார். மாடியிலிருந்து விழுந்தவர், உனக்குப் பட்ட மாதிரியே அடி. மூன்று வருஷம் வீட்டை விட்டு வெளியே வராதவர். முதல் பந்து வெள்ளையை உரசி நின்றதும், "தள்ளிக்குங்க சார், மறைக்குறீங்க, அடுத்தது போடணும்" என்று என்னை அதட்டினார். சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுபோனது.

கதிர்காமத்தில் ஒருவர் இருக்கிறார். கழுத்தில் அடி, யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறாராம். நாளைக்குப் போகிறேன். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருப்பேன். போ என்று விரட்டினாலும் மறுநாள் போவேன், அதற்கு மறுநாளும். சத்தியமாக.

உன் மச்சான்,
பாஸ்கர்