புதுப்பொடியிலும் வாசமில்லை

3-6-2007, ஞாயிறு

இன்றைக்கும் என் வீட்டுக்காரர் குழம்பை ஒதுக்கி வைத்துவிட்டார். "பேச்சி, பொடி பழசாயிருச்சு போல. வாசமே இல்லயே" என்றார்.

வைகாசி பிறந்த பிறகு அரைத்த பொடி. மூன்று வாரம்கூட ஆகவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு வருகிறது. ஆனாலும் அவர் சொன்ன பிறகு சந்தேகமாகத்தான் இருக்கிறது. பாதிப் பொடியைக் கீழே கொட்டினேன். மனசு கேட்கவில்லை, மீதியை வைத்துக்கொண்டேன்.

6-6-2007, புதன்

ரசமும் தொடாமல் அப்படியே இருக்கிறது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிட்டுப் போனார்.

10-6-2007, ஞாயிறு

வீட்டுக்கார அம்மா வேலாத்தாக்காவைக் கூப்பிட்டு அடுப்படியைக் காட்டினேன். உள்ளே வந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏங் கண்ணு, அடுப்புக்கு நேர் மேல மசால் டப்பாவ வெச்சா ஆவி அடிச்சு அது என்னத்துக்கு ஆகும்? மொளகாப் பொடிய வேற கண்ணாடி பாட்டல்ல போட்டு சன்னல்ல வெச்சிருக்கற. வெயில் பட்டா செவப்பும் போயிரும், காரமும் போயிரும்."

ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். மஞ்சள் பொடியில் ஓரமாகக் கட்டி. ஈரக் கரண்டி போட்டிருக்கிறேன். சீரகத்தை விரலில் நசுக்கினால் உமி மாதிரி உதிர்கிறது. சோம்பில் சின்னப் பூச்சி. எனக்கு வெட்கமாகிவிட்டது. கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஊசி முனையளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் நான். என் வீட்டு டப்பாவைப் பார்க்கவில்லையே!

எல்லாவற்றையும் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். அங்கே வெயிலும் இல்லை, அனலும் இல்லை.

17-6-2007, ஞாயிறு

நாள் முழுக்க இதே வேலை. மல்லியும் வத்தலும் புதிதாக வாங்கி, மாடியில் காயவைத்து, கருகாமல் தனித்தனியாக வறுத்தேன். மில்லுக்குக் கொண்டுபோனபோது எனக்கு முன் யாரோ கம்பு அரைத்திருந்தார்கள். அது முழுக்க வெளியே வரட்டும் என்று நின்று அப்புறம்தான் என் பையைக் கொடுத்தேன். பொடி சூடாக வந்தது. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும் என்று வேலாத்தாக்கா சொன்னதால், பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் போட்டேன். மேலே தேதி எழுதிய சீட்டு. ஒரு மாதத்துக்கு மட்டும் அரைத்தேன். மீதி மல்லி முழுசாகவே இருக்கட்டும். பொடி ஆக்கினால்தான் சீக்கிரம் வாசம் போகிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புதுப்பொடி போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. தெரு முனை வரைக்கும் மணத்திருக்கும்.

முதல் உருண்டையை ஆசையாக வாயில் வைத்தார். மென்றார். முகம் விழுந்துபோனது.

"இதுவும் பழசு."

19-6-2007, செவ்வாய்

சண்டை. "பஞ்சைச் சவைக்கிற மாதிரி இருக்கு" என்கிறார். நானும் விடவில்லை. "அப்போ உங்க ஆத்தாளையே வந்து பொங்கிப் போடச் சொல்லுங்க"ன்னு கத்திட்டேன். கத்தியிருக்க வேண்டாம். ஆனா எத்தனை வாட்டிதான் கேக்குறது? கம்பெனில எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, காலு வீங்கிப் போயி, ரெண்டாவது தடவையா அரைச்ச பொடி. ஒரு நல்ல வார்த்தை சொன்னா என்ன?

வெளியில் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகிவிட்டாரோ? இல்லை, என் கைச் சாப்பாடே பிடிக்கவில்லையோ? கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகிறது.

24-6-2007, ஞாயிறு

வேலாத்தாக்காவுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இன்னுங் கொஞ்சம் இருந்தாக் குடு அம்முணி. எங்கூட்டுக்காரரு வழிச்சுத் தின்னுபோட்டாரு" என்றார்.

அப்படியென்றால் பொடி நன்றாகத்தான் இருக்கிறது.

சந்தோஷப்படவேண்டும். ஏனோ பயமாக இருந்தது.

2-7-2007, திங்கள்

மத்தியானமே அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று வேலாத்தாக்கா ஆள் அனுப்பினார். பாதி வேலையில் ஓடி வந்தேன். அவர் கண் ரத்தச் சிவப்பு, ஓயாத இருமல். கூட பூபாலன் இருந்தார். பனியன் துணியை வெள்ளையாக்கும் சலவைப்பட்டறையில் இவரோடு வேலை செய்கிறவர்.

துணி வெளுக்கிற மருந்து டிரம் ஒன்று சரிந்து ஆசிட்டோடு கலந்துவிட்டதாம்.

"நெடி தாங்க முடியலீங்க. நாங்க எல்லாரும் மூக்கப் புடிச்சுட்டு வெளிய ஓடியாந்துட்டோம். எண்ணிப் பாத்தா அண்ணனக் காணோம். உள்ள போனா, அவரு பாட்டுக்குத் துணியத் திருப்பிப் போட்டுட்டு நிக்கறாருங்க. 'என்னண்ணா, தெரியலயா'ன்னு கேட்டா, என்னையத் திரும்பிப் பாத்து, 'என்னது'ன்னு கேக்கறாருங்க."

பூபாலன் அதை ஏதோ தைரியம் மாதிரிச் சொன்னார். நான் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மசால் டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தேன்.

3-7-2007, செவ்வாய்

இன்று இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. காலையில் அவரை உட்காரவைத்து, "கண்ணை மூடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே மூடினார்.

கிராம்பை நசுக்கி மூக்குக்குக் கீழே வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சுக்கு. ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் முட்டுகிற மாதிரி வைத்தேன். எனக்கே தலை வலித்தது.

மெதுவாகக் கேட்டார்: "வெறும் டப்பாவா, பேச்சி?"

டப்பாவை மூடிக் கீழே வைத்தேன். அப்புறம் அவரே சொன்னார். பொங்கலிலிருந்து இப்படித்தானாம். முதலில் சளி என்று நினைத்திருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பட்டறைக்கே மாஸ்டர் ஆக்குறேன்னு முதலாளி சொல்லியிருந்தாரு. சொன்னா நீ வேலைய விடச் சொல்லுவ." பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்தபடி, "பொடிதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சா நிம்மதியா இருந்துச்சு. நீ புதுசா அரைக்கிறப்பல்லாம் இன்னைக்கு வாசம் வந்துரும்னுதான் உக்காருவேன்."

முதல் உருண்டையை அவர் எடுத்த விதம் ஞாபகம் வந்தது. அதற்கு நான் என்னவெல்லாம் பேசினேன்!

5-7-2007, வியாழன்

காது மூக்கு டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். உள்ளே வெந்து போயிருக்கிறதாம். "திரும்ப வரலாம், வராமலும் போகலாம். அந்த நெடியில நிக்கறவரைக்கும் கண்டிப்பா வராது" என்றார்.

திரும்பி வரும்போது நான் வேலையை விடுங்கள் என்று சொல்லவில்லை. அவரே சொல்லட்டும்.

9-7-2007, திங்கள்

சொல்லிவிட்டார்.

12-8-2007, ஞாயிறு

இங்கே பெருமாநல்லூரிலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மாஸ்டர் ஆகவேண்டியவர், அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். முகத்தில் காட்டவில்லை.

சமையலை மாற்றியிருக்கிறேன். நாக்குக்கு இன்னும் புளிப்பு தெரிகிறது, உறைப்பு தெரிகிறது. மிளகைத் தட்டிப் போடுகிறேன். தேங்காயைப் பல்லுப் பல்லாக வறுத்துப் போட்டால் கடிக்கப் பிடிக்கிறதாம்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கிராம்பு, சீரகம், பெருங்காயம் மூன்றையும் முகரக் கொடுக்கிறேன். டாக்டர் சொல்லவில்லை, நானாகச் செய்கிறேன். மாதம் பிறந்தால் பழசை எடுத்துவிட்டுப் புதுசு வாங்கிவிடுவேன். கிராம்பு முழுசாக ஒரு வருஷம்கூடத் தாங்கும், எதற்கு மாற்றுகிறாய் என்று வேலாத்தாக்கா கேட்டார். சொத்தைக் கிராம்பை நீட்டி, அவர் வாசம் வரவில்லை என்று சொன்னால், கிராம்பு போனதா மூக்கு போனதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

24-10-2007, புதன்

இல்லை என்று தலையாட்டினார். நான் கேட்பதற்கு முன்பே.

8-11-2007, தீபாவளி

"வெடிப் புகையாச்சும் தெரியும்னு நெனச்சேன்" என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

13-1-2008, ஞாயிறு

"இனிமே முகரக் குடுக்காத பேச்சி, தெனமும் தோக்குற மாதிரி இருக்கு" என்றார். சரி என்றேன். டப்பாக்களை வழக்கம்போலத் துடைத்து வைத்தேன். நிறுத்தியது அவருக்கு நல்லதுதான் போல. இன்று இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

2-3-2008, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பூபாலனின் அம்மாவைப் பார்க்கத் திருப்பூருக்குப் போனோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். நல்ல வெயில். ஏறி உட்கார்ந்ததுமே அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நொய்யல் பாலம் வந்தது. கீழே ஆறு சாயக் கழிவில் கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. அந்த நாற்றம் ஜன்னல் வழியாக அடித்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் கர்ச்சீப்பையும் முந்தானையையும் எடுத்தார்கள். நானும் மூக்கைப் பொத்தினேன்.

அவர் கண் மூடியபடிதான் இருந்தார். தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தார். கை தானாக மேலே போய் மூக்கை மூடியது.

நான் அசையவில்லை. எழுப்பவும் இல்லை. பாலம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மா, "ஏனுங்க, இந்த நாத்தத்துக்குப் போயிச் சிரிக்கறீங்க?" என்று கேட்டார்.