காமாலை என்று சொன்ன பொய்

அக்கா,

வயிற்றில் தடவிய ஜெல்லை சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. முனிர்கா ஸ்கேன் சென்டரிலிருந்து வீடு வந்து இரண்டு மணி நேரமாகியும் புடவை இடுப்போடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கிறது. குளித்தால் போய்விடும். குளிக்கப் போகத் தோன்றவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஃபேட்டி லிவர், கிரேடு டூ. உங்களுக்கு முதல் தடவை வந்தபோது கிரேடு ஒன்றுதான். உங்களைவிட ஒரு படி மேலே ஏறிவிட்டேன், பார்த்தீர்களா.

ஆனால் என்னை உட்காரவிடாமல் அடிப்பது இந்த ரிப்போர்ட் இல்லை. அரைநாள் லீவு போட்டு என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாளே உங்கள் மகள், அவள் திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னதுதான்.

"ஆன்ட்டி, எங்க ஆபீஸ் செக்கப்ல எனக்கும் லிவர் டெஸ்ட் கொஞ்சம் ஜாஸ்தியா வந்துச்சு. ஸ்கேன் எடுன்னாங்க. வீட்டுல யாருக்காவது லிவர் ப்ராப்ளம் இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாரு, இல்லைன்னுட்டேன். மம்மிக்கு பீலியாதானே? அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

பீலியா என்றால் காமாலை. தில்லியில் பிறந்த பெண்ணுக்கு அந்த வார்த்தைதான் வருகிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம்மா" என்றேன். இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது, தானாக வந்துவிட்டது.

அந்தப் பழைய செக்கப் நாளை மறக்க முடியுமா? நாற்பது தாண்டியவர்களுக்கு ஆபீஸில் வருடாவருடம் எடுப்பார்களே, அது. செக்‌ஷனில் நாம் இருவர்தான் தமிழ். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தீர்கள். ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லுட்டி" என்றீர்கள். நான் எழுந்து நின்று, "அக்காவுக்குக் கொழுப்புன்னு கவர்மெண்டே எழுதிக் கொடுத்துட்டான்!" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்க, சர்பி என்று இந்தியில் சொன்னேன். அவர்கள் பேச்சிலும் சர்பி ஏறியவன் என்றால் திமிர் பிடித்தவன்தானே, அவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரையும்விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். ரிப்போர்ட்டை மடித்து டிபன் பைக்குள் போட்டீர்கள். அதற்குப் பிறகு அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. உங்களுக்கு ஈரலில் கொழுப்பு, எனக்கு வாய்க்கொழுப்பு. எது உங்களைக் கொன்றது என்று இன்றைக்குக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஒன்றும் குண்டு கிடையாது. கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வரும். ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்போம். பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, இரண்டிலும் சர்க்கரை பாதி கிளாசுக்கு நிற்கும். குளிர்காலம் வந்தால் கேரட் அல்வா. வெள்ளிக்கிழமை விரதம் என்று பகலெல்லாம் ஜூஸ் மட்டும் குடிப்பீர்கள், டப்பா ஜூஸ், அதில் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம். ராத்திரி ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கலோடு விரதம் முடியும். ரத்தத்தில் சுகர் வந்தபோது, "எங்க வீட்டுல எல்லாருக்கும் உண்டு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றீர்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆறு வருடம் அது பாட்டுக்குத்தான் இருந்தது.

பிறகு கால் வீங்கியது. வயிற்றில் நீர் கோத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் தலையைக்கூடத் தூக்காமல், "தாரு பீத்தீ ஹை க்யா?" என்று கேட்டாரே, குடிப்பீர்களா என்று. உங்கள் முகம் போன போக்கு! அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. குடிக்காதவர்களுக்கும் வரும் என்று அவரே அடுத்த நிமிடம் சொன்னார்: கொழுப்பு சேர்ந்து, ஈரல் புண்ணாகி, புண் ஆறி ஆறித் தழும்பாகி, கடைசியில் ஈரலே கல்லாகிவிடும் என்று. நீங்கள் எதுவும் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"ஈரல்ங்கிற வார்த்தையே வெளிய வரக் கூடாது, கேட்டியா. பொம்பளை ஒளிச்சு வச்சுக் குடிச்சிருக்கான்னு பேசுவானுவ. எம் பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும். காமாலைன்னு சொல்லு. சத்தியம் பண்ணுட்டி."

பண்ணினேன். ஐயோ, அன்றைக்கு உங்கள் கையை உதறியிருக்கக் கூடாதா நான்! காமாலை என்று சொன்னதும் திருநெல்வேலியிலிருந்து கீழாநெல்லி கூரியரில் வந்தது. ஆளாளுக்கு ஒரு சூரணம் அனுப்பினார்கள். சொன்ன பொய்க்கு ஏற்ற மாதிரி அதையெல்லாம் குடித்தீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை, யாராவது பெயரைப் படித்துவிடுவார்கள் என்று அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தீர்கள். பாதி நாள் மறந்தும் போனீர்கள். அப்போது புனேயில் வேலையிலிருந்த மகளுக்கு, ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் போன் போயிற்று. அவளிடமும் அத்தான் காமாலை என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

இன்று என்னைப் பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள், இனிப்பு டீயை நிறுத்துங்கள், சுகரைக் கட்டுக்குள் வையுங்கள், இந்தக் கட்டத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார். தழும்பு ஏறிவிட்டால் கஷ்டம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். உங்கள் மகள் அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் சாப்பாடு ஆர்டர் செய்துகொண்டிருந்தாள். உங்களைப் போலவே குச்சிக் கை.

ஒரு பக்கம் உங்களுக்குச் செய்த சத்தியம், இன்னொரு பக்கம் அவளுக்கு இருக்கிற ஒரே ஈரல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தாலும் ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் முதலில் கேட்டது இதுதான்.

"மம்மி குடிப்பாங்களா, ஆன்ட்டி?"

எந்தக் கேள்விக்குப் பயந்து ஊரையே ஏமாற்றினோமோ, அதை நீங்கள் பெற்ற பெண்ணே கேட்டாள். "ஒரு சொட்டு கிடையாதுடி!" என்று கத்திவிட்டேன். சர்க்கரை, வயிறு, உட்கார்ந்தே கிடந்தது, பார்க்காமல் விட்டது, ஈரலைக் கெடுக்க இது போதும் என்றேன். அழுதாள். நாளைக்கே ஸ்கேன் எடுக்கலாம், நானும் வருகிறேன் என்றதற்குச் சரி என்றாள்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சண்டை போட வேண்டுமென்றால் கனவில் வந்து போடுங்கள். ஆனால் போனை வைப்பதற்கு முன் அவள் இன்னொன்று கேட்டாள்: "எங்கிட்ட சொன்னா, நானும் தப்பா நினைப்பேன்னு மம்மி நினைச்சாங்களா?"

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது இந்த ஹாலில் நடந்துகொண்டிருக்கிறேன்.

நினைத்தீர்களா, அக்கா?