தண்ணீர்த் தொட்டியும் ஒரு மலைதான்

அன்புத் தங்கம்மாளுக்கு,

மஸ்கட்டிலிருந்து சின்னசாமி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி கம்மியானதா? நம் பெண் பூஜா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

சிகரெட்டை விட்டு இன்றோடு நாற்பது நாள். இருபத்தாறு வருடத்தில், பௌர்ணமிகளில் உன்னோடு மலை சுற்றும் அந்த நாலு மணி நேரம்தான் நான் சிகரெட் பிடிக்காமல் இருந்தது. அதனால் இங்கே கை பரபரக்கும்போதெல்லாம் கேம்ப் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுகிறேன். தூசி எழும் சாயங்காலங்களில் தொட்டி மறைந்து நம் மலை நிற்கிறது. அடி அண்ணாமலை திரும்பும் இடத்து ஈரக்காற்றுகூட முகத்தில் படுகிறது.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், மலை என்றே நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன். உள்ளங்கால் கொஞ்சம் கொப்பளித்துவிட்டது. "யோவ், இது தண்ணி டேங்க்யா! செருப்பு போட்டுக்கினு சுத்து" என்று அறையில் கூட இருக்கும் வேலூர் பஷீர் திட்டினார். இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே.

வாயில் அடக்கிக்கொள்ள லவங்கம் அனுப்பு. பௌர்ணமிக்கு நீ சுற்றும்போது போன் போட்டுக் கையில் வைத்துக்கொள். பேச வேண்டாம். உன் கொலுசு சத்தம் கேட்டால் நானும் கூடவே நடப்பேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் வீட்டில் ஆணியில் தொங்கும் என் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கும். விளக்கேற்ற எடுத்துக்கொள்.

உன்
சின்னசாமி